பணம், பெயர், பள்ளி, அப்புறம்தான் பரீட்சை: அமெரிக்கக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்காவில் இளநிலைப் படிப்பு என்று முடிவெடுத்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் காரியம், பிள்ளையை எஸ்.ஏ.டி. (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) கோச்சிங்கில் சேர்ப்பது. கடைசியாக நடப்பது, பணத்தைப் பற்றிப் பேசுவது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை மூன்று மாத உழைப்பில் ஏற்றலாம். ஒன்பதாம் வகுப்பில் விட்ட மதிப்பெண், பாஸ்போர்ட்டில் காலியாகக் கிடக்கும் சர்நேம் கட்டம், உரிய நேரத்தில் கேட்காமல் விட்ட நிதி உதவி ஆகியவற்றை அப்படிச் சரிசெய்ய முடியாது. ஆகவே இங்கே எல்லாமே அந்த வரிசையில்தான் சொல்லப்படுகிறது: பணம், பெயர், பள்ளி, அதன் பிறகு தேர்வும் கட்டுரையும்.

தமிழ்நாட்டில் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். பிளஸ் ஒன் தொடங்கும் ஜூன் மாதத்தில் இதைக் கையில் எடுத்தால் போதுமான அவகாசம் இருக்கும்.

முதலில் பணம்

அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து ஒரு தாளில் ஒரே ஒரு எண்ணை எழுதுங்கள். கடன் உட்பட, வீட்டிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும், அதுவும் தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு? இந்த எண் இல்லாமல் கல்லூரிப் பட்டியல் போடுவது வீண் வேலை.

பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம், தங்கும் அறை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 85,000 முதல் 95,000 டாலர் வரை ஆகிறது. நம் பணத்தில் அது முக்கால் கோடியைத் தொட்டு நிற்கும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்குத்தான் மலிவு. வெளிநாட்டு மாணவர் வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் மொத்தச் செலவு தனியார் கல்லூரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் நிதி உதவியையும் வெளிநாட்டு மாணவர் அங்கே எதிர்பார்க்க முடியாது.

நிதி உதவி தரும் கல்லூரிகள் இரண்டு வகை. 'நீட்-பிளைண்ட்' கல்லூரிகள், நீங்கள் பணம் கேட்டிருக்கிறீர்களா என்று பார்க்காமலே இடம் தருவதை முடிவுசெய்கின்றன. (நம் ஊர் நீட் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே நீட் என்றால் தேவை.) வெளிநாட்டு மாணவருக்கும் இந்த முறையைக் கடைப்பிடிப்பவை மிகச் சில: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன், பிரவுன் போன்றவை. மற்ற பெரும்பாலான கல்லூரிகள் 'நீட்-அவேர்'. அங்கே இரண்டு மாணவர்கள் சமமாக இருந்தால், குறைவாகப் பணம் கேட்பவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இதைக் கேட்டதும் பல பெற்றோர் ஒரு தவறு செய்கிறார்கள். 'இப்போது பணம் வேண்டாம் என்று போட்டு உள்ளே போய்விடலாம், இரண்டாம் ஆண்டில் கேட்டுக்கொள்ளலாம்' என்று கணக்குப் போடுகிறார்கள். சேரும்போது நிதி உதவி கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு நான்கு ஆண்டும் தருவதில்லை என்பது பல கல்லூரிகளின் எழுதிவைத்த விதி. முதல் ஆண்டுக் கட்டணத்தை நிலத்தை விற்றுக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டில் பிள்ளையைத் திருப்பி அழைக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. தேவை இருந்தால் முதல் நாளிலேயே கேளுங்கள்.

கேட்பதற்கான படிவம் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-இல் திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் வரும் படிவம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் உரியது. உங்களுக்கு அது இல்லை. சி.எஸ்.எஸ்-க்கு அப்பா, அம்மாவின் வருமான வரி ரிட்டர்ன், ஃபார்ம் 16, வங்கி இருப்பு, வீட்டின் மதிப்பு, கடன் விவரம் எல்லாம் தேவை. இங்கே அடிக்கடி நிகழ்வது நாணயக் குழப்பம். படிவத்தில் நம் நாணயத்தைத் தேர்ந்தெடுத்து ரூபாயிலேயே எழுதலாம். சிலர் பாதியை ரூபாயிலும் பாதியை டாலரிலும் போட்டுவிடுகிறார்கள். 12 லட்சம் ரூபாய் வருமானம் 12 லட்சம் டாலராகப் பதிவாகிவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு உதவி எதற்கு என்றுதான் எதிர்முனையில் இருப்பவர் நினைப்பார். எழுதி முடித்ததும் வேறொருவரை விட்டு ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

படிவத்தின் முடிவில் சிறப்புச் சூழலை விளக்க ஓர் இடம் உண்டு. தாத்தா, பாட்டி மருத்துவச் செலவு, அத்தை கல்யாணத்துக்கு வாங்கி இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் கடன், மழையை நம்பிய விவசாய வருமானம் எல்லாம் அமெரிக்க அதிகாரிக்குத் தானாகப் புரியாது. தொகையோடு நான்கு வரியில் எழுதினால் புரியும்.

கையில் இருக்கும் தொகை குறைவு, பெரிய நிதி உதவிக்கான மதிப்பெண்ணும் இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு: கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) முதல் இரண்டு ஆண்டு, பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாற்றம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய அதன் ஆறு வளாகங்கள், குறிப்பிட்ட பாடங்களும் சராசரியும் இருந்தால் மாற்ற இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் அந்த ஏற்பாட்டில் இல்லை. எல்லாப் பாடப்பிரிவுக்கும் அது பொருந்தாது என்பதால் உங்கள் பிரிவுக்கு உண்டா என்று முதலிலேயே பாருங்கள்.

இனிஷியல் தரும் தொல்லை

நம் பெயர் முறைக்கும் அமெரிக்கப் படிவங்களுக்கும் ஒத்துவராது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவின் எஸ்', ஆதாரில் 'எஸ் கவின்', பாஸ்போர்ட்டில் கிவன் நேம் 'கவின்', சர்நேம் கட்டம் காலி, எஸ்.ஏ.டி. பதிவில் 'கவின் செல்வராஜ்'. ஒரே பையன், நான்கு பெயர். தேர்வு மதிப்பெண் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தும் விண்ணப்பத்தோடு இணையாமல் கிடப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். 'உங்கள் எஸ்.ஏ.டி. வரவில்லை' என்று ஜனவரியில் மின்னஞ்சல் வரும், வீடே பதறும்.

அதைவிட நீண்ட தொல்லை விசாவில் வரும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், விசாவில் 'கவின்' சர்நேம் இடத்துக்குப் போய்விடும். கிவன் நேம் இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என எங்கு போனாலும் அந்த மூன்று எழுத்துகள் கூடவே வரும்.

பிளஸ் ஒன் படிக்கும்போதே பாஸ்போர்ட் சேவா மூலம் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, அப்பா அல்லது அம்மாவின் முழுப்பெயரை சர்நேமாகச் சேர்த்துவிடுங்கள். புதிய பாஸ்போர்ட் வந்த பிறகுதான் எஸ்.ஏ.டி., ஆங்கிலத் தேர்வு, காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) எல்லாவற்றிலும் பதிவுசெய்ய வேண்டும். மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல். பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும் பெயரை மாற்ற முயன்று நாளை வீணாக்க வேண்டாம். 'பள்ளிப் பதிவேட்டில் உள்ள கவின் எஸ் என்பவரும் பாஸ்போர்ட்டில் உள்ள கவின் செல்வராஜ் என்பவரும் ஒருவரே' என்று தலைமை ஆசிரியர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, மதிப்பெண் தொகுப்போடு சேர்த்தால் போதும்.

பள்ளி அலுவலகத்தோடு ஓர் ஆண்டு

அமெரிக்கக் கல்லூரி கேட்பது பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் இல்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு. பொதுத்தேர்வு இல்லாத ஒன்பதாம் வகுப்பை நம் பிள்ளைகள் ஓய்வு ஆண்டாக எடுத்துக்கொள்வதுண்டு. அது நேராக டிரான்ஸ்கிரிப்டில் வந்து நிற்கும்.

டிரான்ஸ்கிரிப்ட் என்றால் பள்ளி லெட்டர்ஹெட்டில், ஆண்டுவாரியாக, பாடவாரியாக, பெற்ற மதிப்பெண், மொத்த மதிப்பெண் இரண்டும் போட்டு, தலைமை ஆசிரியர் கையெழுத்தும் சீலும் வைத்த தாள். மதிப்பெண்ணை நான்கு புள்ளி ஜி.பி.ஏ.-வாக (அமெரிக்க முறையில் 4-க்குக் கணக்கிடும் சராசரி) நீங்களே மாற்றாதீர்கள். இந்தியப் பாடத்திட்டத்தில் 85 என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். விண்ணப்பத்திலும் 100-க்கு என்றே குறிப்பிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணைகளை வைத்துக் கணக்கிட்டால் பெரும்பாலும் உங்களுக்கே நஷ்டம்.

இதோடு பள்ளி தர வேண்டியவை இன்னும் சில உண்டு. ஒன்று, பள்ளி அறிமுகத் தாள். எந்த போர்டு, பிளஸ் டூவில் எத்தனை பேர், என்னென்ன பாடப்பிரிவுகள், சென்ற ஆண்டு முதல் மதிப்பெண் எவ்வளவு, ரேங்க் போடும் வழக்கம் உண்டா என்று ஒரே பக்கம். இதை எழுதிப் பழக்கமில்லாத பள்ளிகளே அதிகம். நீங்களே ஒரு மாதிரியைத் தயாரித்துக் கொடுத்தால், விவரங்களை அவர்கள் திருத்தி நிரப்பிவிடுவார்கள். இரண்டு, கவுன்சிலர் கடிதம். நம் பள்ளிகளில் கவுன்சிலர் இல்லை என்றால் தலைமை ஆசிரியரோ துணை முதல்வரோ அந்த இடத்தில் எழுதலாம், அதில் தவறே இல்லை. மூன்று, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அனுப்பும் இடையாண்டு அறிக்கை. கடைசியாக, பொதுத்தேர்வு முடிவு வந்ததும் போகும் இறுதி அறிக்கை.

இவை எல்லாம் பள்ளியின் மின்னஞ்சலுக்கு வரும் ஓர் இணைப்பு வழியாகவே ஏறும். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்து கிடப்பது வாடிக்கை. செப்டம்பரில் ஒரு நாள் நேரம் கேட்டு, அலுவலகத்தில் கணினி பார்ப்பவரோடு உட்கார்ந்து, இணைப்பைத் திறந்து உள்ளே போகிற வரை கூட இருங்கள். காலாண்டு விடுமுறையும், பல ஆண்டுகளில் தீபாவளியும், நவம்பர் 1 கெடுவுக்கு முன்னாலேயே வருகின்றன என்பதை மறக்க வேண்டாம். பள்ளியின் கணக்குக்கு நீங்களே பாஸ்வேர்ட் போட்டு, அவர்கள் சார்பில் நீங்களே ஏற்றிவிடலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அது மோசடி. தெரியவந்தால் கிடைத்த இடமும் போகும்.

ஆசிரியர் கடிதங்கள் பொதுவாக இரண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் முக்கியப் பாடம் நடத்தியவர்களாக இருக்க வேண்டும். ஒருவர் கணிதம் அல்லது அறிவியல், மற்றவர் ஆங்கிலம் அல்லது வேறு மொழி என்று இருந்தால் நல்லது. நம் ஊர்க் கடிதங்களின் பெரிய குறை, அவை நன்னடத்தைச் சான்றிதழ் போல இருப்பது. 'இந்த மாணவர் ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், கீழ்ப்படிதல் உள்ளவர், வாழ்வில் வெற்றிபெற வாழ்த்துகிறேன்.' ஆசிரியர் மனதார வாழ்த்தித்தான் எழுதியிருப்பார். படிப்பவருக்கோ அதில் ஒரு செய்தியும் இல்லை. 'மின்னியல் பாடத்தில் நான் கரும்பலகையில் போட்ட விடை தவறு என்று வகுப்பு முடிந்தபின் வந்து சொன்னாள், மறுநாள் மூன்று வழியில் நிறுவிக் காட்டினாள், அதற்குப் பிறகு அந்தக் கணக்கை நான் அவள் முறையில்தான் நடத்துகிறேன்' என்பது கடிதம்.

இப்படிக் கிடைக்க வேண்டுமானால், ஜூலையிலேயே ஆசிரியரிடம் போய் 'எனக்காக எழுதித் தருவீர்களா, சார்?' என்று கேட்டு, அவர் வகுப்பில் நடந்த நான்கைந்து நிகழ்ச்சிகளை ஒரு தாளில் நினைவூட்டலாகக் கொடுங்கள். நாற்பது பேர் கொண்ட ஐந்து வகுப்புகளை நடத்துகிறவருக்கு எல்லாம் நினைவிருக்காது. கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது வேறு விஷயம். மாணவரின் கட்டுரையும் இரண்டு கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். காமன் ஆப்பில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற கேள்வி வரும். ஆம் என்று கொடுங்கள். அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு.

தேர்வுகள்

கொரோனா காலத்தில் எஸ்.ஏ.டி. வேண்டாம் என்று சொன்ன கல்லூரிகளில் பல திரும்பக் கேட்கத் தொடங்கிவிட்டன. எம்.ஐ.டி., ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுன், கால்டெக், ஸ்டான்ஃபோர்ட், கார்னெல், ஜார்ஜியா டெக் எல்லாம் இப்போது கேட்கின்றன. யேல் எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி., பாடவாரித் தேர்வுகளான ஏ.பி., ஐ.பி. ஆகிய நான்கில் எதையும் ஏற்கும். கொலம்பியா விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கொடுத்தாலும் பார்க்காது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் ஆகஸ்டில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

இப்போதைய எஸ்.ஏ.டி. கணினித் தேர்வு. மொத்தம் 2 மணி 14 நிமிடம். ஆங்கில வாசிப்பும் எழுத்தும் 54 கேள்வி, 64 நிமிடம். கணிதம் 44 கேள்வி, 70 நிமிடம். ஒவ்வொன்றும் இரண்டு பகுதி. முதல் பகுதியில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதை வைத்தே இரண்டாம் பகுதி கடினமானதா எளிதானதா என்று முடிவாகும். எளிதான பகுதி வந்துவிட்டால் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் உச்ச மதிப்பெண் எட்டாது. அதனால் முதல் பகுதியில் கவனக்குறைவால் விடும் கேள்விக்கு விலை அதிகம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

ஜே.இ.இ.-க்குத் தயாராகும் மாணவர்களுக்குக் கணிதம் கஷ்டமாக இருக்காது. திரையிலேயே இருக்கும் டெஸ்மாஸ் கால்குலேட்டரில் வரைபடம் போட்டு விடை காணப் பழகினால் நேரம் மிச்சமாகும். நம்மவர்கள் மதிப்பெண் விடுவது ஆங்கிலத்தில். அதிலும் குறிப்பாக நிறுத்தக்குறிகளில்: இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டுவது, அரைப்புள்ளி எங்கே வரும் என்று தெரியாமல் இருப்பது. பத்துப் பன்னிரண்டு விதிகள்தான். இரண்டு வாரத்தில் பிடித்துவிடலாம்.

பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு முடிந்தபின் மே அல்லது ஜூனில் முதல் முறை, ஆகஸ்டிலோ அக்டோபரிலோ இரண்டாம் முறை எழுதுங்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு பெரிதாக ஏறுவதில்லை. தேர்வு மையங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பதிவு திறந்த வாரத்திலேயே இடம் பிடியுங்கள். தேர்வுக்கு ஐந்து நாள் முன்பிருந்து, எஸ்.ஏ.டி. எழுதப் பயன்படும் புளூபுக் செயலியில் 'எக்ஸாம் செட்டப்' செய்ய வேண்டும். அதைச் செய்தால்தான் நுழைவுச் சீட்டு வரும். மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் போட்டு, சார்ஜரையும் எடுத்துப்போங்கள். மேசைக்கு மேசை பிளக் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆங்கிலத் தேர்வாக டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ்., டியோலிங்கோ மூன்றில் உங்கள் பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரிகளும் ஏற்கும் ஒன்றை எழுதினால் போதும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில கல்லூரிகள் விலக்கு தருகின்றன. தொடங்கும் முன் அதைப் பார்த்துவிட்டால் ஒரு தேர்வுக் கட்டணம் மிஞ்சும்.

150 எழுத்தில் ஒரு வேலை, 650 சொல்லில் ஓர் ஆள்

காமன் ஆப் ஆகஸ்ட் 1-இல் திறக்கும். அதன் வழியே அதிகபட்சம் 20 கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பாடம் தவிர்த்த செயல்பாடுகளுக்குப் பத்து இடம். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் 150 எழுத்துக்குள், இடைவெளியும் சேர்த்து.

'கணித மன்றச் செயலாளர். பல நிகழ்ச்சிகளை நடத்தித் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்' என்று எழுதினால் அதில் எதுவும் இல்லை. 'செவ்வாய், வியாழன் மாலை 7-ஆம் வகுப்பு மாணவர் 22 பேருக்குப் பின்னம் நடத்தினேன். 60 பயிற்சித் தாள் தயாரித்தேன். அடுத்த ஆண்டும் தொடர இருவரைப் பழக்கினேன்' என்பதில் ஆள் தெரிகிறார். பெருமைப்படும் சொற்களை எடுத்துவிட்டு எண்ணும் வேலையும் போடுங்கள்.

எங்கள் பிள்ளைக்குச் செயல்பாடே இல்லையே என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அப்பாவின் மளிகைக் கடையில் வாரம் பத்து மணி நேரம் கணக்குப் பார்ப்பது செயல்பாடு. படுத்திருக்கும் பாட்டியைக் கவனிப்பதும், தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவதும் அப்படியே. விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்பு என்று தனிப் பிரிவே உண்டு. பணம் கட்டி வாங்கும் கோடைக்கால முகாம் சான்றிதழைவிட அது கனமானது. எட்டு ஆண்டு மிருதங்கம் கற்றவர் அதை முதல் வரியில் போடலாம். பிளஸ் டூ ஜூலையில் அவசரமாகத் தொடங்கிய 'தொண்டு நிறுவனம்' எந்த வரியிலும் வேண்டாம்.

முக்கியக் கட்டுரை 250 முதல் 650 சொல். ஏழு தலைப்பில் ஒன்று, ஏழாவது விருப்பத் தலைப்பு. மேற்கோளில் தொடங்கும் கட்டுரை, கிராமத்துக்குப் போய் ஏழைகளைப் பார்த்ததும் வாழ்க்கை மாறியது என்ற கட்டுரை, மதிப்பெண் பட்டியலை உரைநடையாக்கிய கட்டுரை ஆகிய மூன்றும் அவர்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. சின்ன விஷயத்தை எடுங்கள். தினமும் ஏறும் பேருந்தில் கண்டக்டர் மனக்கணக்கில் சில்லறை தரும் வேகத்தைக் கவனித்து, அதைக் குறித்துவைத்து, பிறகு அதையே ஒரு நிரலாக எழுதிப் பார்த்த மாணவர் அந்த ஒரு பேருந்தை வைத்தே 650 சொல்லை நிரப்பலாம். உங்களுக்கு எது பிடிக்கிறது, நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அதிலேயே வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்ததைத் தன் எழுத்தாக அனுப்புவதைக் காமன் ஆப் மோசடி என்றே வகைப்படுத்துகிறது. பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருபவர்களிடமும் போகாதீர்கள். உங்கள் ஆங்கிலத்தில் சிறு பிழை இருந்தாலும் பரவாயில்லை, பதினேழு வயதுக்காரர் எழுதியதாக இருக்கட்டும்.

'ஏன் எங்கள் கல்லூரி?' என்ற துணைக் கட்டுரைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. கல்லூரியின் பெயரை அடித்துவிட்டு வேறொன்றின் பெயரைப் போட்டுப் படியுங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்தினால் அதை நீக்குங்கள். ஒரு பாடத்தின் பெயர், ஓர் ஆய்வகத்தின் வேலை, அதில் உங்களுக்கு என்ன சந்தேகம் என்று எழுதினால் வேறு இடத்துக்குப் பொருந்தாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பமே தனி. எட்டுக் கேள்வியில் நான்குக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள் பதில். சிபாரிசுக் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை. வெளிநாட்டு மாணவருக்கு ஒரு வளாகத்துக்கு 95 டாலர் கட்டணம். எம்.ஐ.டி.-க்கும் தனித் தளம்.

பட்டியலும் தேதிகளும்

எட்டு முதல் பன்னிரண்டு கல்லூரி போதும். ஒவ்வொன்றுக்கும் துணைக் கட்டுரைகள் இருப்பதால் இருபது என்று போனால் தரம் விழும், பிளஸ் டூ படிப்பும் கெடும். முதலில் எழுதிவைத்த அந்த எண்ணுக்குள் அடங்கும் கல்லூரி குறைந்தது மூன்றாவது இருக்கட்டும். இல்லினாய் அர்பானா-ஷாம்பெயின், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கணினி அறிவியலுக்குத் தனியாகச் சேர்க்கை. வேறு பிரிவில் சேர்ந்துவிட்டு உள்ளே மாறிக்கொள்ளலாம் என்ற நம் ஊர் யுக்தி அங்கே அநேகமாக எடுபடாது.

முன்கூட்டிய விண்ணப்பத்துக்கான கெடு பெரும்பாலும் நவம்பர் 1. அதில் 'எர்லி டெசிஷன்' என்பது கட்டுப்படுத்துவது. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். கேட்ட நிதி உதவி போதாவிட்டால் விலகலாம் என்றாலும், பல கல்லூரிகளின் உதவித் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். 'எர்லி ஆக்‌ஷன்' கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு நவம்பர் இறுதி, வழக்கமான சுற்றுக்கு ஜனவரி தொடக்கம். கெடு நாள் நள்ளிரவு வரை (காமன் ஆப்பில் உங்கள் உள்ளூர் நேரப்படி) அவகாசம் இருந்தாலும் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். கடைசி இரவில் கிரெடிட் கார்டு வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்குத் திறக்கப்படாமல் நிராகரிக்கப்படுவது சாதாரணமாக நடப்பது.

கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டுகள் தங்களுக்குப் பணம் தரும் பல்கலைக்கழகங்களையே முன்வைப்பார்கள். சென்னையில் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை நடத்தும் எஜுகேஷன்யுஎஸ்ஏ மையத்தில் அப்படி எந்தச் சார்பும் இல்லாத ஆலோசனை கிடைக்கும். முதலில் அங்கே போங்கள்.

இடம் கிடைத்த பிறகு

வழக்கமான முடிவுகள் மார்ச் இறுதிக்குள் வரும். மே 1-க்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்டவேண்டும். இடம் கிடைத்துவிட்டதே என்று பொதுத்தேர்வைக் கைவிட்டால், இறுதி அறிக்கையைப் பார்த்துக் கல்லூரி இடத்தைத் திரும்பப் பெறலாம். அந்த அதிகாரம் சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதியிருக்கும்.

அடுத்தது ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்றுப் படிவம். முதல் ஆண்டுச் செலவு முழுவதற்கும் உடனே எடுக்கக்கூடிய பணத்தைக் காட்டினால்தான் கல்லூரி இதைத் தரும். சேமிப்பு, பிக்சட் டெபாசிட், வங்கி அனுமதித்த கல்விக்கடன் கடிதம் செல்லும். நிலப் பத்திரமும் நகையும் செல்லாது. கடனுக்கு ஏப்ரலிலேயே அலையத் தொடங்குங்கள், வில்லங்கச் சான்று, மதிப்பீடு என்று வாரங்கள் ஓடிவிடும். ஐ-20 வந்ததும் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம் 350 டாலர், டி.எஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவம், 185 டாலர் விசா கட்டணம். சென்னையில் கைரேகைக்கு ஒரு மையம், நேர்காணலுக்குத் துணைத் தூதரகம் என்று இரண்டு முறை போகவேண்டும். 2025 முதல் மாணவர் விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கும்படி கேட்கப்படுகிறார்கள். டி.எஸ்-160-இல் எல்லாக் கணக்குப் பெயரையும் விடாமல் எழுதுங்கள்.

நேர்காணல் பெரும்பாலும் மூன்று நிமிடம். ஏன் இந்தக் கல்லூரி, யார் பணம் கட்டுகிறார்கள், அப்பா என்ன வேலை, வேறு எங்கெல்லாம் கிடைத்தது என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் உடனே தெரிந்துவிடும். தகப்பனார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஐ-20-இல் உள்ள தொகையும் அது வரும் வழியும் பிள்ளையின் வாயில் தயாராக இருக்கவேண்டும்.

கல்லூரி கேட்கும் தடுப்பூசிச் சான்றில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) இரண்டு தவணை அநேகமாக எப்போதும் இருக்கும். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் ஜூனிலேயே மருத்துவரிடம் போய்விடுங்கள், இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது என்பதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஐ-20, பாஸ்போர்ட், நிதி ஆவணங்கள் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போட்டுவிடாதீர்கள். இறங்கியதும் ஐ-94 என்னும் நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, மாணவர் விசா வகையான எஃப்-1 என்று பதிவாகியிருக்கிறதா, படிப்பு நடக்கும் வரை தங்கலாம் என்பதைக் காட்டும் டி/எஸ் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் அன்றைக்கே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொல்லுங்கள். வகுப்பு தொடங்கிய 30 நாளுக்குள் அவர்கள்தான் உங்களை செவிஸில் பதிவுசெய்ய வேண்டும்.